4 டிபி ஹார்ட் டிஸ்க்கை எந்த பார்மேட்டில் வைப்பது?

கேள்வி இது: புதிதாக 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கியாயிற்று. கல்யாண வீடியோ, பழைய டிவிடிகளிலிருந்து எடுத்து வைத்தவை, பிள்ளைகளின் பள்ளி விழாப் பதிவுகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றியாயிற்று. விண்டோஸ் லேப்டாப்பில் ஒழுங்காகத் திறக்கிறது. ஹாலில் இருக்கும் புது டிவியில் சில வீடியோக்கள் ஓடுகின்றன, சில ஓடவில்லை. அப்பா அறையில் இருக்கும் பத்து வருடப் பழைய மீடியா பிளேயரில் செருகினால், டிஸ்க்கே இல்லாதது போல அது சும்மா இருக்கிறது. வீட்டில் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் ஒன்றும் உண்டு. எல்லாவற்றிலும் ஓட எந்த பார்மேட் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) போடுவது?

எல்லாவற்றிலும் ஓடுகிற பார்மேட் ஒன்று இருந்தது. ஃபேட்32 என்று பெயர். பெரிய வீடியோக்கள் வந்த பிறகு அது போதாமல் போய்விட்டது. அதன் இடத்தை முழுதாகப் பிடித்த வேறொன்று இன்னும் வரவில்லை. அதனால் "எது நல்ல பார்மேட்" என்று தேடுவதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் இந்த டிஸ்க்கைப் படிக்க வேண்டிய கருவிகளில் எது மிகப் பழையது, டிஸ்க்கில் எழுதப் போகிற கம்ப்யூட்டர் எது என்று இரண்டை மட்டும் பாருங்கள். முடிவு அதிலேயே வந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பிளேயரில் டிஸ்க் தெரியாததற்குக் காரணம் பார்மேட்டாக இல்லாமலும் இருக்கலாம். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் பலர் மூன்று நான்கு முறை பார்மேட்டை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். சிக்கல் அதற்கு ஒரு படி கீழே, பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஃபேட்32 வந்தது 1996இல், விண்டோஸ் 95இன் இரண்டாம் வெளியீட்டோடு. கார் ஸ்டீரியோ, டிஜிட்டல் கேமரா, டிவி, பழைய டிவிடி பிளேயர் என எதில் செருகினாலும் படிக்கும். குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. ஒரு கோப்பின் அளவைக் குறித்து வைக்க அதில் 32 பிட் இடம்தான் உண்டு. அதனால் எந்தக் கோப்பும் 4 ஜிபியைத் தொட முடியாது, ஒரு பைட்டாவது குறைய வேண்டும். விநாடிக்கு 8 மெகாபிட் என்ற சாதாரணத் தரத்தில் எடுத்த வீடியோ 71 நிமிடத்தில் அந்த எல்லைக்கு வந்துவிடும். முகூர்த்தமும் வரவேற்பும் ஒரே கோப்பாகக் கொடுக்கப்படும் கல்யாண வீடியோவுக்கு இது எப்படிப் போதும்? டிஸ்க்கில் 3 டிபி காலியாக இருக்கும்போதே "கோப்பு மிகப் பெரியது" என்று விண்டோஸ் சொல்லும். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இன்னும் பெரிய டிஸ்க் வாங்கப் போனவர்களும் உண்டு. பழைய கேமராக்கள் நீண்ட வீடியோவைத் துண்டு துண்டாகச் சேமித்ததற்கும் இதே 4 ஜிபி எல்லைதான் காரணம்.

விண்டோஸில் பார்மேட் செய்யும் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32ஐக் காட்டவே காட்டாது. அதை வைத்து ஃபேட்32ஆல் 32 ஜிபிக்கு மேல் முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வழக்கமான டிஸ்க்கில் 2 டிபி வரை போகும். 1990களின் நடுவில் அந்தப் பெட்டியை எழுதிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டேவ் பிளம்மர், 32 ஜிபி என்பது அன்றைக்குத் தான் இஷ்டத்துக்குப் போட்ட எல்லை என்றும், அந்தப் பெட்டியே தற்காலிகமாகத்தான் செய்யப்பட்டது என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தற்காலிகம் என்று வைத்தது முப்பது வருடம் நின்றுவிட்டது, நம் ஊர் டைவர்ஷன் ரோடு மாதிரி. 2024 ஆகஸ்டில்தான் விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பில், கட்டளை தட்டிச் செய்தால் 2 டிபி வரை போகலாம் என்று தளர்த்தினார்கள். எப்படியானாலும் 4 ஜிபி எல்லை அப்படியே இருப்பதால் உங்கள் வேலைக்கு ஃபேட்32 ஆகாது.

மிச்சம் இருப்பவை இரண்டு: என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட். புதியதுதான் எல்லாவற்றிலும் ஓடும் என்று நினைத்து எக்ஸ்ஃபேட் போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ஹால் டிவி ஐந்தாறு வருடத்துக்குள் வாங்கியதாக இருந்தால் அது பெரும்பாலும் இரண்டையும் படிக்கும். பழைய பிளேயர்களின் கதை நேர்மாறு. என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எக்ஸ்ஃபேட் என்றால் முழிக்கும். இரண்டுமே மைக்ரோசாஃப்டின் பார்மேட். என்டிஎஃப்எஸ் 1993இல் வந்தது, எக்ஸ்ஃபேட் 2006இல். மீடியா பிளேயர் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் ஓடுபவை. என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கவும் எழுதவும் உதவும் இலவச மென்பொருள் (டிரைவர்) 2007 முதல் லினக்ஸுக்கு நன்றாகவே கிடைத்தது. எக்ஸ்ஃபேட்டுக்கோ மைக்ரோசாஃப்டிடம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. விலை குறைந்த பெட்டி செய்பவர் அந்தக் காசைக் கட்டுவாரா? மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை வெளியிட்டு வழிவிட்டது 2019 ஆகஸ்டில்தான். அந்த ஆண்டு இறுதியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்தது, 2020இல் சாம்சங் பொறியாளர்கள் எழுதிய நல்ல டிரைவர் சேர்ந்தது. அதற்கு முந்தைய பெட்டி என்றால் எக்ஸ்ஃபேட்டை நம்பி டிஸ்க்கைக் கொண்டுபோகாதீர்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பிளேஸ்டேஷன் 4இல் படம் பார்ப்பவர்களுக்கு இது தலைகீழ். அது ஃபேட்32ஐயும் எக்ஸ்ஃபேட்டையும் படிக்கும், என்டிஎஃப்எஸ் அதன் கண்ணுக்கே தெரியாது. ஆண்ட்ராய்டு பெட்டிகளில் என்டிஎஃப்எஸ் இருப்பதும் இல்லாததும் செய்தவர் மனசைப் பொறுத்தது. ஆகவே கையேட்டில் யூஎஸ்பி பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள். எந்த பார்மேட், எவ்வளவு பெரிய டிஸ்க் வரை என்று பெரும்பாலும் ஒரே பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

கரண்ட் போகும் விஷயத்திலும் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. என்டிஎஃப்எஸ் எதையாவது மாற்றுவதற்கு முன் அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும், யாராவது ஒயரை உருவினாலும், அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் ஃபோல்டர் ஒன்று காணாமல் போவதும், டிவி டிஸ்க்கை ஏற்க மறுப்பதும் நடக்கும். விண்டோஸில் அந்த டிரைவின் பிராப்பர்டீஸில், டூல்ஸ் பகுதியில் இருக்கும் பிழை சரிபார்க்கும் பட்டனை அழுத்தினால் பல நேரம் மீண்டுவிடும். மீளாத நேரமும் உண்டு. டிவியில் வெறுமனே பார்ப்பதில் ஆபத்து குறைவுதான். லேப்டாப்பில் காப்பி ஆகும்போதுதான் கவனம் வேண்டும்.

மேக் இருக்கிறதே என்றால், அது என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கும், எழுதாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் போட்டால் எழுதலாம். உங்கள் வீட்டில் டிஸ்க்கில் எழுதுவது விண்டோஸ் லேப்டாப்தான் என்பதால் இது உங்களுக்குத் தடை இல்லை. மேக்கிலிருந்துதான் ஏற்றப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட்டைத் தவிர வழியில்லை. அப்படிச் செய்தால் டிவியில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில், அதே பெயரில் முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் வைத்த இன்னொரு சின்னக் கோப்பு தெரியக்கூடும். அழுத்தினால் ஓடாது. வைரஸ் என்று பயந்துவிடாதீர்கள், மேக் தன் குறிப்புகளை வைத்துக்கொள்ளும் கோப்பு அது. அழித்தாலும் வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது பார்ட்டிஷன் அட்டவணை. டிஸ்க்கின் தொடக்கத்தில், எந்தப் பகுதி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஒரு அட்டவணை இருக்கும். பார்மேட் என்பது அந்தப் பகுதிக்கு உள்ளே நடக்கிற விஷயம். அட்டவணையில் பழையது எம்பிஆர், 1983இல் டாஸ் காலத்தில் வந்தது. புதியது ஜிபிடி. எம்பிஆர் டிஸ்க்கின் செக்டர்களை, அதாவது சேமிக்கும் சிறு துண்டுகளை, 32 பிட் எண்ணால் எண்ணுகிறது. செக்டர் ஒன்று 512 பைட். பெருக்கிப் பார்த்தால் சுமார் 2.2 லட்சம் கோடி பைட்டில் கணக்கு முடிந்துவிடும். கடையில் 2 டிபி என்று விற்கும் டிஸ்க் சரியாக இதற்குள் அடங்கும். 3 டிபி, 4 டிபி என்றால் அடங்காது. அதனால் இன்றைக்கு 4 டிபி டிஸ்க்குகள் பொதுவாக ஜிபிடியோடுதான் வருகின்றன. பழைய பிளேயர் எம்பிஆரை மட்டும் படிக்கத் தெரிந்ததாக இருந்தால், ஜிபிடி டிஸ்க்கின் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே என்டிஎஃப்எஸ் இருக்கிறதா எக்ஸ்ஃபேட் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டமே வராது. நீங்கள் எத்தனை தடவை பார்மேட் மாற்றினாலும் அதற்கு ஒன்றுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பென் டிரைவ் ஒன்றை எடுங்கள். அவை வழக்கமாக எம்பிஆரோடு இருக்கும். அதை என்டிஎஃப்எஸ்ஸில் பார்மேட் செய்து, சின்ன வீடியோ ஒன்றைப் போட்டு அப்பாவின் பிளேயரில் செருகுங்கள். அப்புறம் அதே பென் டிரைவை எக்ஸ்ஃபேட்டில் மாற்றி இன்னொரு முறை. அந்தப் பிளேயர் எந்த பார்மேட்டைப் படிக்கும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பென் டிரைவ் என்டிஎஃப்எஸ்ஸில் ஓடி, அதே என்டிஎஃப்எஸ் இருக்கும் 4 டிபி டிஸ்க் தெரியவில்லை என்றால் பழி பார்மேட் மேல் இல்லை. ஜிபிடி அல்லது கரண்ட், இரண்டில் ஒன்று.

கரண்ட் என்று நான் சொல்வது யூஎஸ்பி துளை தரும் மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளைக்கு விதிப்படி 500 மில்லியாம்ப், 3.0க்கு 900. தனி அடாப்டர் இல்லாத கையடக்க டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 500ஐத் தாண்டிக் கேட்கும். டிஸ்க்கைக் காதருகே வைத்தால் டிக் டிக் என்ற சத்தத்தோடு ஆரம்பிப்பதும் நிற்பதுமாக இருந்தால் பசிதான் காரணம். சில டிவிகளில் ஒரு துளைக்கு மட்டும் பக்கத்தில் ஹெச்டிடி என்று எழுதியிருப்பார்கள், அதில் கூடுதல் மின்சாரம் வரும். பழைய பிளேயருக்குத் தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்தால் தீரும்.

ஜிபிடியிலேயே ஒரு சின்ன வில்லங்கமும் உண்டு. மேக்கில் பார்மேட் செய்தால் டிஸ்க்கின் முன்பக்கத்தில் 200 எம்பிக்கு ஒரு மறைவான பகுதியை அது போட்டுவிடும். விண்டோஸும் தன் பங்குக்கு 16 எம்பி ஒதுக்கும். முதல் பகுதியை மட்டும் பார்க்கிற சில பிளேயர்கள் இதைத் திறந்துவிட்டு "காலி" என்று காட்டும். டிஸ்க் தெரிகிறது ஆனால் உள்ளே ஒன்றுமில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன செய்வது? அப்பாவின் பிளேயர் ஜிபிடியைப் படிக்காது என்று தெரிந்தால், 4 டிபியை எம்பிஆராக மாற்றலாம்தான். ஆனால் 2.2 டிபிக்கு மேல் இருக்கும் 1.8 டிபி சும்மா கிடக்கும். பாதி டிஸ்க்கைத் தூக்கிப் போட்டது போல. நான் அதைச் செய்ய மாட்டேன். 4 டிபியை ஜிபிடி, என்டிஎஃப்எஸ் என்றே ஹால் டிவிக்கு விட்டுவிட்டு, அப்பாவுக்கு மட்டும் வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் 500 ஜிபி, 1 டிபி டிஸ்க் ஒன்றை எம்பிஆர், என்டிஎஃப்எஸ் என்று தயார் செய்து கொடுப்பேன். அப்பா பார்ப்பது என்ன, நாலு கல்யாண வீடியோவும் கொஞ்சம் பழைய படமும்தானே. இனிமேல் டிஸ்க் வாங்குபவர்களுக்கும், பழைய கருவி வீட்டில் இருந்தால், 4 டிபி ஒன்றுக்குப் பதில் 2 டிபி இரண்டு என்றுதான் சொல்வேன். விலை கொஞ்சம் கூடும். ஒன்று போனாலும் மற்றது இருக்கும்.

இன்னொரு வழி, டிஸ்க்கை டிவியில் செருகாமலே விடுவது. யூஎஸ்பி துளை உள்ள வைஃபை ரூட்டரிலோ எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரிலோ அதைச் செருகி, வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டால், டிவிக்கு டிஸ்க்கின் பார்மேட்டே தெரிய வேண்டியதில்லை. அதற்குக் கோப்புகள் மட்டும் வரும். டிஎல்என்ஏ (நெட்வொர்க் வழியாக வீடியோவை வாங்கிக் காட்டும்) வசதி இருக்கும் பழைய பிளேயருக்கும் இது பொருந்தும். வீட்டுச் சுவர் தாண்டி வைஃபை தேய்ந்துபோகும் அறையாக இருந்தால் பெரிய வீடியோ தடுக்கும், அதற்கு லேன் கேபிள் இழுக்க வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்: பார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், நீங்கள் ஏற்கெனவே ஏற்றிவிட்டதாகச் சொல்கிறீர்கள். முதலில் வேறு இடத்தில் நகல் எடுங்கள். மற்ற எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இந்த ஒன்றை மட்டும் செருகுங்கள், தப்பான டிஸ்க்கை அழிக்கும் வாய்ப்பு குறையும். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். அளவைப் பார்த்து டிஸ்க்கை அடையாளம் காணுங்கள். 4 டிபி அங்கே சுமார் 3726 ஜிபி என்று தெரியும், கடைக்காரர் ஏமாற்றவில்லை; கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. இடதுபக்கம் டிஸ்க் எண் இருக்கும் கட்டத்தை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் வால்யூம்ஸ் பக்கத்துக்குப் போனால் எம்பிஆரா ஜிபிடியா என்று எழுதியிருக்கும். மாற்ற வேண்டுமானால் உள்ளே இருக்கும் பகுதிகளை எல்லாம் அழித்த பிறகுதான் அதே கட்டத்தில் மாற்றும் வாய்ப்பு திறக்கும். அப்புறம் புதிய வால்யூம், என்டிஎஃப்எஸ், அலகு அளவு (அலொகேஷன் யூனிட் சைஸ்) எது இருக்கிறதோ அதுவே, குவிக் பார்மேட். அலகு அளவைக் கூட்டினால் படம் வேகமாக ஓடும் என்று சொல்வதைக் கேட்டு அதில் கை வைக்காதீர்கள். குவிக் டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுவதும் எழுதிப் பார்க்கும். விநாடிக்கு 120 எம்பி என்றாலும் 4 டிபிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். செகண்ட் ஹேண்ட் டிஸ்க் என்றால் அந்தப் பொறுமை பயன்படும், புதிதுக்குத் தேவையில்லை.

டிவியும் செட்டாப் பாக்ஸும் தாங்களாகவே "இந்த டிஸ்க்கை பார்மேட் செய்யவா?" என்று கேட்கும். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதற்காகக் கேட்பது அது. சரி என்று அழுத்தினால் டிஸ்க் அந்தப் பெட்டிக்கே உரியதாகிவிடும், கம்ப்யூட்டரில் திறக்காது. ஆண்ட்ராய்டு பெட்டிகள் டிஸ்க்கைச் "சாதனச் சேமிப்பிடமாக" ஆக்கவா என்று கேட்பதும் இப்படித்தான். 2015இல் ஆண்ட்ராய்டு 6இல் வந்த வசதி, டிஸ்க்கைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும். எங்கள் சித்தப்பா வீட்டில் செட்டாப் பாக்ஸ் கேட்டதற்கு, அவர் படம் வரும் என்று நினைத்து ஓகே அழுத்திவிட்டார். அதில் பேத்தியின் காதுகுத்துப் படங்கள். டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் என்ற இலவச மென்பொருள்களை வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து முக்கால்வாசியை மீட்டேன். பெயரும் தேதியும் போய், எண்களாகத்தான் கிடைத்தன. சித்தி இன்றைக்கும் அவரை ரிமோட்டைத் தொட விடுவதில்லை.

கடைசியாக, ஹால் டிவியில் சில வீடியோ ஓடி, சில ஓடாதது. அதற்கும் டிஸ்க் பார்மேட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. பட்டியலில் கோப்பின் பெயர் தெரிந்துவிட்டால் டிஸ்க்கின் வேலை முடிந்தது, அதற்குமேல் கோடெக் பிரச்சினை, அதாவது வீடியோவையும் ஒலியையும் சுருக்கி வைத்த முறை டிவிக்குத் தெரியாதது. படம் வந்து சத்தம் வரவில்லை என்றால் ஒலி டிடிஎஸ் என்ற கோடெக்கில் இருக்கக்கூடும். 2018 முதல் வந்த சாம்சங் டிவிகளில் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த சப்டைட்டிலின் எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாற்றிச் சேமித்துப் பாருங்கள்; டிவிக்குள் தமிழ் எழுத்துரு இருந்தால் சரியாகிவிடும். அப்பாவின் பிளேயரில் அந்த எழுத்துரு இருக்க வாய்ப்பு குறைவு. அவருக்குக் கொடுக்கும் டிஸ்க்கில் கோப்புப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக வைத்துவிடுங்கள்.